ரத்த மெஷீனை நான் நிறுத்திய காலை

பழவங்காடியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரிசப்ஷனில் வேலை செய்கிறேன். முன்பொரு காலத்தில் கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்ததை வேலைக்குச் சேரும்போது எழுதிக் கொடுத்துவிட்டேன். அதனால் அங்கே எந்த வயர் கழன்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

மழை தொடங்கிய சமயத்தில் ரிப்போர்ட் அச்சிடும் பிரிண்டர் தகராறு செய்ய ஆரம்பித்தது. காலை ஏழு மணியிலிருந்து ஒழுங்காக ஓடும். ஒன்பது மணி தாண்டினால் திரையில் 'ஆஃப்லைன்' என்று வந்து நின்றுவிடும். பதினொன்றுக்கு மேல் தானாகவே சரியாகிவிடும். கூட்டம் வருவதோ அந்த இரண்டு மணி நேரத்தில்தான். ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் போக வேண்டியவர்கள் என் மேஜைக்கு முன்னால் நிற்பார்கள். நான் பென் டிரைவை எடுத்துக்கொண்டு, குடையும் இல்லாமல், பக்கத்து ஃபோட்டோஸ்டாட் கடைக்கு ஓடுவேன். திரும்பி வருவதற்குள் இன்னும் நாலு பேர் சேர்ந்திருப்பார்கள்.

நெட்வொர்க் போட்டுக் கொடுத்த ஆள் மூன்று முறை வந்தார். மூன்று முறையும் மத்தியானம். அப்போது பிரிண்டர் நல்ல பிள்ளையாக ஓடும். "எல்லாம் ஓகேயாணல்லோ சேச்சி" என்று மலையாளத்தில் சொல்லி, ஒரு முறை அணைத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். காலையில் வாருங்கள் என்றால், காலையில் அவருக்கு வேறு இடத்தில் வேலை.

நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் தனி எண் உண்டு. இரண்டு கருவிகளுக்கு ஒரே எண் விழுந்தால் ஒன்று இப்படிக் காணாமல் போகும் என்று இணையத்தில் படித்தேன். அதைக் கண்டுபிடிக்க இலவசமாக ஒரு ஸ்கேனர் மென்பொருள் கிடைக்கும் என்றும் போட்டிருந்தது. பொத்தானோ படமோ கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். கூடத்தின் சொந்தக்காரரான டாக்டரிடம், "பிரிண்டர் விஷயத்தை நானே பார்க்கட்டுமா சார்?" என்று கேட்டேன். தலையை நிமிர்த்தாமலே "நோக்கிக்கோ" என்றார், பார்த்துக்கொள் என்று.

அதை நிறுவுவதற்கே ஒரு வாரம் போயிற்று. முதல் நாள் ஆன்டிவைரஸ் அதை ஆபத்தான பொருள் என்று சொல்லி அழித்துவிட்டது. மறுநாள் நிர்வாகி பாஸ்வேர்டு கேட்டது. அது அந்த நெட்வொர்க்காரரிடம் இருந்தது. அவர் இரண்டு நாள் ஃபோனை எடுக்கவில்லை. கடைசியில் டாக்டரிடம் கேட்டு, பழைய லேப்டாப் ஒன்றை வாங்கி அதில் ஏற்றினேன். கட்டளையைக் கொடுத்தால், அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது. ஒரு எழுத்து மாறியிருந்தது. திருத்திக் கொடுத்தால் ஒரு கருவியும் இல்லை என்றது. என்னைச் சுற்றி ஐந்து கம்ப்யூட்டர்கள் ஓடிக்கொண்டிருக்க, யாருமே இல்லை என்று அது சொன்னபோது லேப்டாப்பைத் தூக்கி எறியலாம்போல் இருந்தது. நோயாளிகளுக்கு விட்டிருந்த வைஃபையில் லேப்டாப் தொற்றிக்கொண்டிருக்கிறது என்பது புரிய இன்னொரு நாள் ஆனது.

வயரைச் செருகி அடுத்த நாள் காலை ஒன்பதரைக்கு ஓட்டினேன். பதினோரு கருவிகள்தான் என்று நினைத்திருந்தேன். பதினேழு வந்தது. ஆனால் எல்லாம் வெறும் எண்கள், எது எங்கே இருக்கிறது என்று இல்லை. வரிசையில் நின்ற ஒருவர், "இன்னும் எத்தனை நேரம்?" என்று மூன்றாவது முறையாகக் கேட்டார். எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒவ்வொரு கருவியையும் எல்லா வாசலிலும் தட்டி, நீ யார் என்று கேட்கிற பெரிய கட்டளையைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பக்கத்தின் கீழே ஏதோ எச்சரிக்கை இருந்தது. படிக்கவில்லை.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. உள்ளே லேப் டெக்னீஷியன் அக்காவின் குரல் உயர்ந்தது. தமிழ்நாட்டு எல்லையோரத்துப் பாறசாலைக்காரர், அங்கே என்னோடு தமிழ் பேசும் ஒரே ஆள்.

"எந்தாச்சுன்னு தெரியல பிள்ளே. ஓடிட்டு இருந்த மெஷீன் அப்படியே நின்னுட்டு. வோல்ட்டேஜ் ஏறி இறங்கிச்சோ என்னமோ."

சுகரும் கொழுப்பும் பார்க்கிற பெரிய மெஷீன் அது. அதை நெட்வொர்க்கோடு சேர்க்கிற பெட்டி மிகப் பழையது. அத்தனை கேள்விகளை அதனால் தாங்க முடியவில்லை, மெஷீனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு உறைந்துவிட்டது. அணைத்துப் போட்டால் உள்ளே பாதியில் இருந்ததையெல்லாம் மெஷீன் கழுவிக் கொட்டிவிடும். வேறு வழியில்லாமல் அக்கா அணைத்துப் போட்டார். பெரும்பாலானவர்களின் டியூபில் மீதி ரத்தம் இருந்தது. ஒரு அம்மாவுடையது மட்டும் போதவில்லை. அவருக்கு நரம்பு கிடைப்பதே கஷ்டம், எடுத்ததே கொஞ்சம்.

அந்த அம்மா கல்லாறிலிருந்து விடிகாலையில் பஸ் ஏறி வெறும் வயிற்றில் வந்தவர். ரத்தம் கொடுத்துவிட்டுப் போய் தோசையும் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். இனி அன்றைக்கு வெறும் வயிறு இல்லை. மெஷீன் கோளாறு, நாளைக்கு மறுபடி வர வேண்டும் என்று அவரிடம் சொல்லும் வேலையும் எனக்குத்தான் வந்தது. அவர் சண்டை போடவில்லை. "இனி நாளெயும் வரணோ?" என்று மட்டும் கேட்டார். பஞ்சு ஒட்டியிருந்த கையைத் தடவிக்கொண்டே பையை எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு மணி நேரம் ரிசப்ஷனிலேயே பில் போட்டுக்கொண்டிருந்தேன். டாக்டர் வந்து யு.பி.எஸ். காரரைத் திட்டினார். யு.பி.எஸ். காரர் கரண்ட் ஆபீசைத் திட்டினார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. உள்ளே போனேன்.

"அக்கா, மெஷீன் நின்னது கரண்டால இல்லை. என்னாலதான்."

"நீயா? நீ இந்த ரூமுக்கே வரலியே."

"வர வேண்டாம் அக்கா. பிரிண்டரைத் தேடறதுக்காக லேப்டாப்லேர்ந்து எல்லா மெஷீனையும் தட்டிப் பாத்தேன். இதையும் சேத்துத் தட்டிட்டேன்."

அக்கா கையுறையைக் கழற்றினார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா. சாம்பிள் ஓடிட்டு இருக்குன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"பின்னே?"

அக்கா கையுறையைக் கூடையில் போட்டார்.

"சார்கிட்ட நீயே போய்ச் சொல்லு. நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

போய்ச் சொன்னேன். டாக்டர் கத்தவில்லை. "சரி, போய்க்கோ" என்றார். அது கத்துவதைவிட மோசமாக இருந்தது.

மறுநாள் அக்கா என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் எட்டரைக்கு அவராகவே வந்தார். "ஒன்பதே காலுக்கு முதல் பேட்ச் முடியும். பேட்ச் போடறதுக்கு முன்னால இப்பவும், முடிஞ்ச பிறகும் பத்துப் பத்து நிமிஷம் மெஷீனைச் சும்மா போடுதேன். அதுக்குள்ள பாத்துக்கோ. என் மெஷீன் பக்கம் போகாதே, கேட்டியா?"

மெஷீனின் எண்ணை விலக்கிவிட்டு, யார் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்கிற சின்னக் கட்டளையை ஒன்பதுக்கு முன்னால் ஒரு முறையும் ஒன்பதே காலுக்கு ஒரு முறையும் கொடுத்தேன். முதல் முறை பிரிண்டரின் எண்ணுக்கு நேரே எங்கள் பிரிண்டரைச் செய்த கம்பெனியின் பெயர் இருந்தது. இரண்டாம் முறை அதே எண்ணுக்கு வேறு கம்பெனி. யாரோ உள்ளே நுழைந்திருக்கிறார்கள். எங்கே இருக்கிறார்கள் என்றுதான் தெரியவில்லை.

வயர்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டியைத் திறந்தேன். ஒன்றில்கூடப் பெயர் ஒட்டவில்லை. ஒவ்வொன்றாகப் பிடுங்கி, யாராவது கத்துகிறார்களா என்று கேட்டு, திரும்பச் செருகினேன். ஒன்பதாவது வயரைப் பிடுங்கியபோது எங்கள் பிரிண்டர் உயிர் பெற்றது. அந்த வயர் சுவரில் ஏறி, ஒரு ஓட்டை வழியாக மாடிக்குப் போயிற்று. மாடியில் ஒன்பதிலிருந்து பதினொன்று வரை ஒரு கண் டாக்டர் உட்காருவார். அவருடைய நர்ஸ் வந்ததும் முதல் வேலையாகச் சீட்டு அடிக்கிற சின்ன பிரிண்டரைப் போடுவார். அதற்கு யாரோ எங்கள் எண்ணையே கையால் போட்டு வைத்திருந்தார்கள். மாற்ற மூன்று நிமிஷம் ஆனது.

மாடி பிரிண்டரை வைத்துக் கொடுத்ததும் அந்த நெட்வொர்க்காரர்தான் என்று நர்ஸ் சொன்னார். ஃபோன் செய்தேன், அன்றைக்கு எடுத்தார். அப்படி இருக்க வழியே இல்லை, நான்தான் எதையோ நோண்டியிருப்பேன் என்றார். அவருக்குப் பதில் சொல்லி வாயைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று வைத்துவிட்டேன். டாக்டரிடம் பிரிண்டர் சரியாகிவிட்டது என்றேன். அவர், "ஆ சாதனம் இனி இவிடெ வேண்டா" என்றார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஸ்கேனரை நீக்கினேன்.

கல்லாறு அம்மா அன்றைக்கு வரவில்லை. மத்தியானம் ரிஜிஸ்டரில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். மகள் எடுத்தார். அம்மா பக்கத்தில் நெடுமங்காட்டிலேயே டெஸ்ட் எடுத்துவிட்டார், இனி அவ்வளவு தூரம் வருவதற்கில்லை என்றார். அது என் தவறுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் வைத்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து டாக்டர் என் மேஜைக்கு வந்தார். வைஃபை ஆமைபோல் ஊர்கிறது, யார் அதில் வீடியோ பார்க்கிறார்கள் என்று அந்த ஸ்கேனரை வைத்துக் கண்டுபிடித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். அதைத்தான் நீக்கச் சொன்னீர்களே சார் என்றேன். "எந்தினா களஞ்ஞது?" ஏன் தூக்கிப் போட்டாய் என்று என்னையே கேட்டுவிட்டு உள்ளே போனார்.