குச்சிக்கிழங்கும் நோம்பும்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கிழங்கு வியாபாரிக்கு அது ஆகாது என்று என் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள். சரிதான். ஆனால் கோபப்பட்ட இடத்திலேயே எனக்கு ஒரு அக்காவும் கிடைத்தார்.

தொண்ணூற்றெட்டு வாக்கில், முள்ளுக்குறிச்சியிலிருந்து கொல்லிமலை ஏறி, குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியை வாங்கி, கீழே ஜவ்வரிசி ஆலைக்கு லாரி ஏற்றுவதுதான் என் பிழைப்பு. எங்கள் பக்கத்து ஆலைகள் ஓடியதே அந்தக் கிழங்கால்தான். விவசாயம் நாட்டின் முதுகெலும்பு என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருந்தேன். அது யாருடைய முதுகு என்பது மலைக்காட்டில் மூட்டை சுமக்கிறவர்களைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

அந்த அக்காவின் காடு வாசலூர்பட்டிக்குப் பக்கத்தில். அதில் காலங்காலமாகச் சாமைதான் விளைந்தது. சாமை வீட்டோடு முடிந்துவிடும், கிழங்கு வையுங்கள், லாரியோடு வந்து நானே எடுத்துக்கொள்கிறேன் என்று ஆசை காட்டியவன் நான். அவர் வீட்டுக்காரருக்கு இஷ்டமில்லை. நாம் திங்கிறதை விட்டுவிட்டு யாரோ திங்கிறதை நடுவதா என்று சண்டையே போட்டாராம். அக்கா அசையவில்லை. காடு முழுக்கக் கிழங்கு நட்டார். அது வீணாய்ப் போனால் அந்த வீட்டில் அவர் பேச்சு அதோடு சரி.

அக்காவுக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. இத்தனை ஜவ்வரிசியையும் யார்தான் தின்கிறார்கள்? வடக்கே விரத நாளில் இதைத்தான் சமைத்துச் சாப்பிடுவார்கள் என்றேன். விரதத்தன்று சாப்பிடுகிற ஊரும் உண்டா என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

மார்கழியில் கிழங்கு பிடுங்கினோம். அந்த வருஷம் ரமலானும் மார்கழியில்தான் வந்தது. பிடுங்கிய கிழங்கு ரெண்டு நாள் தாண்டினால் உள்ளே கருநீலமாக நரம்பு ஓடிவிடும். ஆலையில் உடைத்துப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முதல் நாளே பிடுங்கி மூட்டை கட்டியாயிற்று. மறுநாள் காலை வரவேண்டிய லாரியைக் காணோம். பஸ் கண்டக்டர்தான் தகவல் சொன்னார்: பாதி மலையில் டயர் வெடித்து நிற்கிறதாம், ஸ்டெப்னியும் இல்லையாம். ஸ்டெப்னி இல்லாமல் மலையேறுகிறவனை என்னவென்று சொல்வது!

அன்று காலையில் அக்கா காபித்தண்ணி கொண்டுவந்தபோது, "எனக்கு நோம்புங்கக்கா" என்று மட்டும் சொல்லியிருந்தேன். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஏன் என்று நான் யோசிக்கவில்லை.

மத்தியானம் என்னை வீட்டுக்குள் கூப்பிட்டார். போனால், தலைவாழை இலை. ஆவி பறக்கச் சாமைச்சோறு, மொச்சைக் குழம்பு. ரோட்டையே பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போயிருந்தது, நாக்கு வறண்டு கிடந்தது. வந்ததே கோபம்.

"நோம்புன்னு சொன்னேனல்லங்க? பட்டினி கெடக்கறவன் முன்னால சோத்தை வெச்சு வேடிக்கை பாக்கறீங்களா?"

அக்காவின் முகம் சுண்டிப்போனது. "நோம்பன்னைக்கு வந்தவங்களை வெறும் வயித்தோட உடறதுங்களா, பாய்?" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. எங்கள் கொங்குப் பக்கம் நோம்பு என்றால் பண்டிகை. மாரியம்மன் நோம்பு வந்தால் ஊரே விருந்து சமைக்கும். நானும் அதைப் பார்த்து வளர்ந்தவன்தான். பசி வந்திடப் பத்தும் பறந்துபோகும் என்பார்களே, எனக்குப் புத்தியும் சேர்ந்து பறந்துவிட்டது. பொழுது இறங்கும்வரை தண்ணீர்கூடக் கூடாது என்று விளக்கிச் சொன்னேன். அக்கா சோற்றை மூடி வைத்தார்.

நாலு மணிக்கு லாரி வந்தது. மூட்டை ஏறிக்கொண்டிருக்கும்போதே, ஆறு மணி வாக்கில் அக்கா வந்து, பொழுது இறங்கிவிட்டது, சாப்பிட வாருங்கள் என்றார். மலை மறைத்தால் இறங்கினதாகாது, இன்னும் பத்து நிமிஷம் என்று கடிகாரத்தைக் காட்டினேன். அவரும் கூடவே நின்றார்.

நேரம் ஆனதும் தண்ணீர் குடித்து, ஒரு வாய் சோறு வைத்தேன். அப்போதுதான் அக்காவும் தட்டை எடுத்தார். மத்தியானத்திலிருந்து அவரும் சாப்பிடவில்லையாம். வந்தவர் சாப்பிடாமல் எப்படி என்றாராம். அதைச் சொன்ன வீட்டுக்காரர், "நல்லாச் சாப்பிடுங்க. இதுதானுங்க ஊட்டுல கடைசிச் சாமை" என்றார்.

குத்திக்காட்டச் சொல்லவில்லை மனுஷன். உபசாரமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. அவர்கள் வீட்டுச் சாமைக்காடு என் பேச்சைக் கேட்டுக் கிழங்காகி லாரியில் ஏறிக்கொண்டிருந்தது. வெட்கத்தில் கண் கலங்கிவிட்டது. இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

கிழங்கு கெட்டுவிடக் கூடாது என்று மலைப்பாதையின் எழுபது வளைவிலும் துஆ கேட்டுக்கொண்டே இறங்கினேன். மறுநாள் ஆலைக்காரர் நாலைந்து மூட்டையில் கைவிட்டு எடுத்து உடைத்துப் பார்த்தார். எல்லாம் பால் வெள்ளை. அதைச் சொல்வதற்கென்றே திரும்பவும் பஸ் ஏறி மலைக்குப் போனேன். அக்கா வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது.

அடுத்த புரட்டாசியில் கிழங்கு பார்க்கப் போனேன். காடு நிறையக் கிழங்கு. ஆனால் மேல்மூலையில் கொஞ்சம் இடத்தில் சாமை கதிர் பிடித்து நின்றது. கிழங்குதான் ஜெயித்துவிட்டதே, இது எதற்கு என்று கேட்டேன்.

"அது உங்க நோம்புக்குங்க, பாய்" என்றார் அக்கா. "உங்க லாரி வராட்டியும் சோறு இருக்கோணுமல்லங்க?"