பத்து பெரண்டாமில் கழன்ற டோப்பா

போன மாதம் என் தங்கை கவிதாவை நேர்காணலுக்கு அழைத்துப் போகத்தான் மலாக்கா கிளம்பினேன். கோலாலம்பூரிலிருந்து பஸ், டிக்கெட் பதினைந்து வெள்ளி (ரிங்கிட்), இரண்டு மணி நேரம். பையில் என் கறுப்புக் கோட்டும், புதிதாக வாங்கிய ஒரு டோப்பாவும்.

டோப்பா எதற்கு என்கிறீர்களா? மலாக்கா பக்கம் பெம்பானில் இருக்கும் கவிதா, ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்ப்பவள். மகன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது முருகனுக்கு முடி கொடுப்பதாக வேண்டிக்கொண்டாள். பையன் பிழைத்துவிட்டான், இவளும் மொட்டை போட்டுவிட்டாள். இனி இரவில் அவன் பக்கத்தில் இருக்க வேண்டும், அதற்குப் பகல் வேலை வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்று அவளைக் கூப்பிட்டது.

“மொட்டைத் தலையோட போனா வேலை குடுப்பாங்களாடி? போட்டுக்க!”

“அரிக்குதுக்கா.”

தலைநகர ஆபீசில் வருடக்கணக்காக ஹை ஹீல்ஸில் நடப்பவள் நான். எனக்குத் தெரியாததா!

பெம்பானிலிருந்து, அந்த அலுவலகம் இருக்கும் பத்து பெரண்டாமுக்கு டாக்சி முப்பது வெள்ளி. “இந்த வெயில்ல கோட்டாம்மா?” என்று கவிதா போட்டிருந்த என் கோட்டைப் பார்த்துச் சிரித்தார் ஓட்டுநர் அண்ணன்.

உள்ளே நுழைந்ததும் எனக்கு மயக்கம் வராத குறை. எல்லாரும் டி-ஷர்ட், ரப்பர் செருப்பு. முதலாளி ஒரு சீன அம்மா, பூப்போட்ட அரைக்கால் சட்டையில் உட்கார்ந்திருந்தார். தமிழர்கள் வேலை செய்த எஸ்டேட்டில் கடை வைத்திருந்தவர் மகளாம், தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

“மூணு கண்டெய்னர், ஒரு லாரிதான் இருக்கு. எதை முதல்ல அனுப்புவே?”

“எந்தக் கப்பல் முதல்ல கிளம்புது மேடம்?”

சபாஷ் என்று நினைப்பதற்குள், டோப்பாவுக்கு அடியிலிருந்து சந்தனம் வியர்வையில் கரைந்து அவள் நெற்றியில் வழிந்தது. போச்சுடா!

“மொட்டையா? யாருக்கு வேண்டுதல்?”

“மகனுக்கு மேடம்.”

“இப்ப நல்லா இருக்கானா?”

“நல்லா இருக்கான்.”

“அப்புறம் எதுக்கு இது? கழட்டுலா, பார்க்கவே எனக்கு வேர்க்குது!”

கழற்றினாள். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த அம்மா டிஷ்யூவை நீட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். கடைசியில், “திங்கக்கிழமை வா. உடுப்பு உன் இஷ்டம். கப்பல் பேப்பர்ல தப்பு வந்தாத்தான் ஏசுவேன்” என்றார். அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது எனக்கு.

இந்தப் பக்கம் நேர்காணலுக்குப் போகிறவர்கள் காலையில் சீக்கிரம் கிளம்புங்கள், லாரி நெரிசல் அதிகம். என்ன உடுத்தலாம் என்று முன்பே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். டோப்பா வேண்டுமென்றால் என்னிடம் சும்மா கிடக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த அன்று இரவு கவிதாவைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. காலையில் அவள் குரல் செய்தி வந்திருந்தது: “பையன் பக்கத்துல படுத்தேன்க்கா, அப்படியே தூங்கிட்டேன்.”