பூங்காவில் வைத்த வீடு

மீன் சந்தையில் அரிவாள்மணைக்கு முன்னால் காலமெல்லாம் குத்தவைத்து உட்கார்ந்திருக்கும் பிஷு பொரேலை யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. மீனைத்தான் பார்ப்பார்கள். செதில் சீவி, துண்டு போட்டுக் கொடுத்துவிட்டு, கையைக் கழுவாமலே பீடி பற்றவைக்கிற ஆள் அவன். தாயில்லாத ஒரே மகள் பியாலியைக் கல்லூரி விடுதியில் சேர்த்துப் படிக்கவைத்தது அந்த அரிவாள்மணைதான்.

பக்கத்துப் பூங்காவில் வருஷாவருஷம் துர்கா பூஜைக்குப் பெரிய பந்தல் போடுவார்கள். வெறும் பந்தலென்றால் இன்றைய கல்கத்தாவில் நாய்கூட எட்டிப்பார்க்காது. அதற்கொரு 'தீம்' வேண்டும். ஊரே வந்து பார்க்கும். பூஜை முடிந்ததும் பிரித்துப்போட்டால் மிஞ்சுவது மிதிபட்ட புல்தான். அந்த வருஷத் தீம் 'உழைப்பாளியின் வீடு'. அதற்காகக் குடிசை குடிசையாக ஏறி இறங்கிய ஓவியர் சௌமேந்து, பிஷுவின் வாசலில் வந்து நின்றார்.

"இதேதாண்ணே எனக்கு வேணும். புதுசா செஞ்சா உயிர் இருக்காது. கதவு, கட்டில், கொசுவலை எல்லாத்தையும் அப்படியே குடுத்துருங்க. உங்களுக்குப் புதுசு போட்டுத் தர்றேன்."

பிஷுவுக்குத் தலைகால் புரியவில்லை. தன் வீட்டுக்குள் துர்கை வந்து உட்காரப்போகிறாள் என்றால் எவனுக்குப் புரியும்? மகளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, மடையன். வந்து பார்த்து வாய்பிளக்கட்டும் என்று இருந்துவிட்டான்.

தகரமும் மூங்கிலுமாக ஒரு சேரியையே பனைமர உயரத்துக்கு அடுக்கினார் சௌமேந்து. அதன் அடியில் பிஷுவின் அறை. வாசலில் அவன் கதவு. பியாலி சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதில் கரித்துண்டால் 'பியாலி பொரேல்' என்று கோணல்மாணலாக எழுதி, கீழே ஒரு மீனும் போட்டிருந்தாள். விளக்கைச் சரியாக அதன்மேல் திருப்பிவைத்தார்கள். பக்கத்துக் கொடியில் அவளுடைய பழைய கவுன், அக்குளில் ஒட்டுப்போட்டது.

பூஜைக் கமிட்டி பிஷுவுக்குத் தொண்டர் பேட்ஜ் குத்தி, கூட்டத்தை மறிக்கும் கயிற்றைப் பிடிக்க நிறுத்தியது. வந்தவர் போனவரிடமெல்லாம் "நம்ம வீடுதாங்க. பொண்ணு எழுதினது" என்று பீற்றிக்கொண்டே நின்றான்.

அஷ்டமியன்று மத்தியானம் வரிசையில் பியாலி வந்தாள். விடுதித் தோழிகளோடு, பட்டுச்சேலையில். விடுதியிலிருந்து நேராக வந்திருந்தாள், வீட்டுக்கு இன்னும் போகவில்லை. கூப்பிட வாயெடுத்தவன், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். அந்த முகத்தில் ஈயாடவில்லை.

"ஏய் பியாலி, இங்க பாருடி, உன் பேரு. பொரேலுன்னு வேற போட்டிருக்கு" என்றாள் ஒருத்தி.

"ஊர்ல எத்தனையோ பொரேல்" என்றாள் பியாலி.

"இதுவும் மீன்காரன் வீடாம்டி. உங்கப்பா மீன் ஏற்றுமதி, இவர் மீன் வெட்டுறவர். சொந்தக்காரரா இருக்கப் போறாரு, விசாரி." எல்லாரும் சிரித்தார்கள். பியாலியும் சிரித்தாள்.

ஏற்றுமதி. பிஷு தன் கையைப் பார்த்துக்கொண்டான். நகக்கண்ணில் செதில் இருந்தது.

அந்த நேரம் பார்த்தா ஒரு கிழவி வரவேண்டும்? முந்தின நாள் அவன் பீற்றலைக் கேட்டுப்போனவள், இன்று மருமகளையும் இழுத்து வந்திருந்தாள். "ஏம்பா, இது உன் வீடுதானே? உன் பொண்ணு எழுதினதுதானே? இவ நம்பமாட்டேங்குறா, நீயே சொல்லு."

தோழிகள் திரும்பி அவனைப் பார்த்தார்கள். பியாலி தரையைப் பார்த்தாள்.

"இல்லம்மா" என்றான் பிஷு. "நேத்து சும்மா சொன்னேன். எனக்குப் பொண்ணெல்லாம் கிடையாது."

"அம்மன் முன்னாடி நின்னுக்கிட்டா பொய் சொன்னே? வெக்கமா இல்ல உனக்கு?"

"இருக்கும்மா" என்றான் பிஷு. "நடங்க, நடங்க, பின்னாடி கூட்டம் நிக்குது."

பியாலி அவனைத் தாண்டித்தான் போனாள். சேலைத் தலைப்பு அவன் கைமேல் உரசியது. கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

தசமியன்று அம்மனைக் கங்கையில் கரைத்துவிட்டு ஊரே பெரியவர்கள் காலைத் தொட்டு ஆசி வாங்கிக்கொண்டிருந்தது. பியாலி வீட்டுக்கு வந்தாள். புதுக்கதவு, புதுக்கட்டில், எதையும் பார்க்கவில்லை. குனிந்தாள். அவன் காலை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"உன்னைக் கேக்காம குடுத்துட்டேன். நாலு பேர் முன்னாடி உன்னைத் தலைகுனிய வச்சுட்டேன்மா."

"என்னை ஏன்ப்பா இல்லைன்னே? கொஞ்சம் பொறுத்திருந்தா நானே சொல்லியிருப்பேன்."

பிஷு ஆசையாக நிமிர்ந்தான். "சொல்லியிருப்பியா?"

பியாலி புதுக்கதவைத் திரும்பிப் பார்த்தாள். "தெரியலப்பா" என்றாள்.

அவன் காலை மெல்ல முன்னால் நீட்டினான். அவள் தொட்டாள். தட்டிலிருந்த தேங்காய் உருண்டையை எடுத்து அவளிடம் நீட்டப்போனவன், எழுந்துபோய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்து கொடுத்தான்.