சின்ன மருமகளுக்கு வளைகாப்பு

ஆபீஸிலிருந்து ரிடையர் ஆனதும் எனக்கு ஒரே திட்டம்தான். சாய்வு நாற்காலி, தடித்தடி நாவல்கள், ஒரு பயல் கூப்பிடக் கூடாது. என் வீட்டுக்காரியின் கண் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

கண்புரை. வலது கண்ணில் முன்பே செய்த ஆபரேஷன் வீணாய்ப் போயிருந்தது. கட்டுப் பிரிப்பதற்குள் அவளுடைய அம்மா இறந்துபோக, அழுது கசக்கி, சீழ் வைத்து, பார்வையே போய்விட்டது. மிச்சம் இடது கண்தான். அதையும் கோயமுத்தூரில் ஆபரேஷன் செய்து கட்டுப் போட்டு அனுப்பிய டாக்டர், என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "குனியக் கூடாது, டி.வி. கூடாது, முக்கியமா அழவே கூடாதுங்க" என்றார். பெரிதாகத் தலையாட்டினேன்.

வெள்ளிக்கிழமை வாரப் பத்திரிகை வந்தது. அவள் உயிரே அதில் வரும் தொடர்கதையில்தான் இருந்தது. நான் அதை மதித்ததே கிடையாது. மாமியார் கொடுமை, சின்ன மருமகள் கண்ணீர், வாரா வாரம் அதே ஒப்பாரி.

"ஏனுங்க, ஊடு பூராப் புஸ்தகமா அடைச்சு வெச்சிருக்கறீங்க. எனக்கு ஒரு கதை படிச்சுக் காட்டுனா கொறைஞ்சா போயிருவீங்க?" என்றாள்.

சத்தம் போட்டு வாசிப்பதில் நான் சின்ன வயதிலேயே கை தேர்ந்தவன். காங்கேயத்தில் அப்பா வேலை பார்த்த எண்ணெய் மில் களத்தில், தேங்காய்ப் பருப்புத் தோண்டும் பெண்களுக்கு நான்தான் கதை வாசிப்பேன். ஒருநாள் கதையில் வில்லன் ஒரு பெரியவரைப் பார்த்து, "அடே கிழவா, உன்னைக் கொன்றுவிடுவேன்" என்றான். அவ்வளவுதான், களத்தில் வேலை நின்றுவிட்டது. "பெரியவங்ககிட்டப் பேசற பேச்சா இது? எந்த ஊர்க்காரனாமா அவன்?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து என் வில்லன், "உங்களைக் கொன்னுபோடுவேனுங்க" என்றான். அதற்கப்புறம் எத்தனை பேரை அவன் கொன்றாலும் யாரும் குறை சொல்லவில்லை.

அந்தத் தைரியத்தில் பத்திரிகையைப் பிரித்தேன். சின்ன மருமகளுக்குக் காய்ச்சல். வாய் ஒரு வரியில் இருக்க, என் கண் அடுத்த பத்திக்கு ஓடியது. அடப்பாவி, செத்துவிட்டாள்!

எதிரே கண்ணில் கட்டோடு இவள், புடவைத் தலைப்பைத் தயாராகக் கையில் சுருட்டிக்கொண்டு.

"அந்த நேரம் பார்த்து அவிநாசியிலிருந்து ஒரு டாக்டர் காரில் வந்து இறங்கினார்" என்று வாசித்தேன்.

"எந்த டாக்டருங்க? போன வாரம் வரைக்கும் அப்படி ஒருத்தரு இல்லீங்களே?"

"புதுசா வந்திருக்கறாரு. பேசாமக் கேளு."

டாக்டர் ஊசி போட்டார், அவள் எழுந்து கஞ்சி குடித்தாள். அன்றைக்கு ஜெயித்துவிட்டேன். அடுத்த வாரம் பிரித்தால் கருமாதி! பந்தல், சமையல், ஊர் சனம், ஓரமாக மாமியார் அழுகை. எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுதியவர் நேரில் கிடைத்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். பந்தலை மாற்ற முடியாது. விசேஷத்தை வளைகாப்பாக மாற்றிவிட்டேன்.

"வளைகாப்புல மாமியா எதுக்குங்க அழுவறா?"

"சந்தோசத்துல."

"அவளா?" என்றாள். சின்ன மருமகளை அவசரமாக அம்மா வீட்டுக்குப் பஸ் ஏற்றினேன்.

மறுநாள் சாயந்திரம் நலம் விசாரிக்க எதிர்வீட்டு அம்மா வந்தார். அவரும் அதே கதையின் பைத்தியம். உட்கார்ந்த உடனே, "ஏனுங்கக்கா, பாவம் அந்தச் சின்ன மருமக, இப்படிப் பொசுக்குன்னு போயிட்டாளே!" என்றார். நான் கையை ஆட்டினேன், இருமினேன், கும்பிட்டும் பார்த்தேன். அவர் பாட்டுக்குக் கருமாதிப் பந்தல் வரைக்கும் போய்விட்டார்.

இவள் அசையவில்லை. "உங்க ஊட்ல செத்திருப்பாளுங்க. எங்கூட்ல அவளுக்கு நேத்துத்தான் வளைகாப்பு" என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள் பாருங்கள், தோள் குலுங்க, மூச்சு முட்ட. கட்டுக்கு அடியிலிருந்து தண்ணீர் கன்னத்தில் இறங்கியது.

"ஐயோ, கசக்கிப்போடாத!" என்று அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். எதிர்வீட்டு அம்மா எப்போது போனார் என்று தெரியாது. பொழுது விடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, கண் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லும்வரை நான் அவள் கையை விடவில்லை.

கண்ணாடி வந்த அன்று அவள் முதலில் எடுத்தது அந்தப் பத்திரிகைகளைத்தான். காய்ச்சல், சாவு, கருமாதி, எல்லாவற்றையும் தானே எழுத்துக் கூட்டாத குறையாக நிதானமாகப் படித்தாள். கண் கலங்கவில்லை. மூடி ஓரமாக வைத்தாள். புது இதழை என் பக்கம் தள்ளிவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா ஊட்டுக்குப் போனாளே, என்ன கொழந்தை பொறந்துச்சுங்க?"