நான் காட்டிய இரண்டு சிப்பாய்கள்

என் மனைவி செல்வியிடம் நான் செய்த ஒரு விளையாட்டைப் பற்றி இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கெமாஸ் ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவள் அவள். அம்பாங்கானில் எங்கள் வீட்டில் நான் நண்பர்களோடு சதுரங்கம் ஆடுவதைப் பார்த்துவிட்டுத் தனக்கும் கற்றுத்தரச் சொன்னாள். காய்கள் நகரும் விதத்தை ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிறு மதியம், வேலையிட நண்பர்கள் இருவர் வந்திருந்தபோது அவளை முதன்முதலாக என் எதிரே உட்காரவைத்தேன்.

“ஏங்க, எந்தச் சிப்பாய முதல்ல தள்ளணும்?” என்று கேட்டாள்.

நடுச் சிப்பாய் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். நண்பர்களைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, ராஜாவைக் காத்து நிற்கும் சிப்பாய்கள் இரண்டைக் காட்டினேன். “இத ஒரு கட்டம், அப்புறம் அத ரெண்டு கட்டம். பயப்படாத லா.”

நம்பி நகர்த்தினாள். என் இரண்டாவது நகர்விலேயே ராணி பாய்ந்தது. அவளுடைய ராஜாவுக்குப் போக இடமில்லை; ஆட்டம் முடிந்துவிட்டது. நண்பர்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள்.

செல்வி பலகையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“நீங்கதானே சொன்னீங்க?”

அதில் கோபம்கூட இல்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டாள். “சும்மா விளையாட்டுக்கு லா” என்றேன். தேநீர் போட எழுந்து போய்விட்டாள்.

பிறகு கைப்பேசியில் தானே கற்றுக்கொண்டு, இப்போது முகம் தெரியாதவர்களோடு நன்றாக ஆடுகிறாள். என்னோடு ஆடுவதில்லை.

போன மாதம் அவளுக்கு அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும் என்றார் டாக்டர். செய்துகொள்ளலாமா என்று தன் தம்பியைத்தான் போனில் கூப்பிட்டுக் கேட்டாள். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.