நான் நிமிர்த்திய ரேக்

ஓசியில் கிடைக்கும் எதையும் நான் நம்புவதில்லை. சோழியன் குடுமி சும்மா ஆடுமா? படங்களைத் திருப்பி நிமிர்த்தித் தரும் அந்த இணையதளத்தின் மேலும் எனக்கு முதல் நாளிலிருந்தே சந்தேகம்தான். பெயர் கேட்கவில்லை, காசு கேட்கவில்லை, படத்தை ஏற்றினால் போதும் என்றது. ஏற்றிய படம் எந்த நாட்டுக்குப் போகிறதோ, அங்கே எவன் உட்கார்ந்து கும்மிடிப்பூண்டியில் எங்கள் கம்பெனி ஸ்டோர்ஸை வேடிக்கை பார்க்கிறானோ என்று தினமும் யோசிப்பேன். யோசித்துக்கொண்டே ஏற்றுவேன். இதற்கென்று ஒரு சாஃப்ட்வேர் வாங்கித்தர எங்கள் மேனேஜருக்கு மனம் வரவில்லை.

எங்களிடம் வண்டி உதிரிபாகம் வாங்கும் கம்பெனிக்கு, தினமும் காலையில் பாதுகாப்பு அறிக்கை அனுப்ப வேண்டும். ஷெட்டுக்குள் பத்து இடங்களைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார்கள். அவற்றை அறிக்கையில் ஒட்டுவது என் வேலை. ஒருமுறை அந்தக் கம்பெனி அதிகாரி, உங்கள் படங்களைப் பார்த்துக் கழுத்து சுளுக்கிக்கொண்டது என்று நக்கலாக எழுதிவிட்டார். அன்றிலிருந்து எனக்கு நிமிர்த்தும் வெறி பிடித்தது. படுத்திருக்கும் படத்தை அந்த இணையதளத்தில் ஒரு பொத்தானில் எழுப்பிவிடலாம். சாய்ந்த படத்துக்குக் கீழே ஓர் அளவுகோல் இருக்கும். அதை நகர்த்தினால் படத்தின் மேல் கட்டம் கட்டமாகக் கோடுகள் வரும். படத்தில் நேராக நிற்க வேண்டிய ஏதாவது ஒன்றைப் பிடித்து, கோட்டோடு சேர்த்துவிட்டால் முடிந்தது.

ஸ்டோர்ஸ் படங்களை அனுப்புகிறவர் ஆரணிப் பக்கத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். பதினோரு வருடமாகக் காண்டிராக்டில்தான் இருக்கிறார். குரூப்பில் ஒரு வார்த்தை எழுத மாட்டார். படம் மட்டும் போடுங்கள், கதை எழுதாதீர்கள் என்று மேனேஜர் எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்ததை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்த ஒரே ஆள் அவர்தான்.

ஒரு திங்கட்கிழமை அவர் அனுப்பிய ரேக் படம் சாய்ந்திருந்தது. கனமான இரும்பு அச்சுகளை அடுக்கிவைக்கும் பெரிய ரேக் அது, படம் முழுக்க அதுதான் நிறைந்திருந்தது. அதன் தூணைக் கோட்டோடு சேர்த்தேன், மூன்று டிகிரி. செவ்வாய்க்கிழமை நான்கு. புதன்கிழமை ஆறு. எனக்கு எரிச்சல் வந்தது. வேண்டுமென்றே எனக்கு வேலை வைக்கிறாரா, காலையிலேயே தண்ணி போட்டுவிட்டு வருகிறாரா என்று சந்தேகம். அவர் மாடியில் இருக்கும் எங்கள் ஆபீசுக்கு வந்தபோது கேட்டேவிட்டேன்.

"அண்ணா, போனை நேரா புடிச்சி எடுக்க மாட்டீங்களா?"

"நேராத்தாம்மா எடுக்கறேன்" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

அந்தப் புதன்கிழமை மதியமே, எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது ரேக் விழுந்தது. அடியில் யாரும் இல்லாதது எங்கள் அதிர்ஷ்டம். சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி எப்போதோ இடித்து ஒரு கால் வளைந்திருக்கிறது. ஸ்டோர்ஸ்காரர் இதைச் சொல்லவே இல்லை என்று மேனேஜர் முடிவு கட்டினார். அவருடைய கேட் பாஸைப் பிடுங்கி மேஜையில் போட்டார். பாஸ் போனால் காண்டிராக்ட் ஆளுக்கு வேலை போனது என்றே அர்த்தம்.

"மூணு நாளா போட்டோ அனுப்பிச்சிக்கினே கீறேன் சார்."

மேனேஜர் மூன்று நாள் அறிக்கையையும் அச்செடுத்துக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோனேன். மூன்றிலும் ரேக் கம்பீரமாக நேராக நின்றது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாரே மனுஷன் என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டேனா?

"இவரு எப்பவுமே கோணையாத்தான் சார் எடுப்பாரு. நான்தான் சரி பண்ணி அனுப்பறேன்" என்று எடுத்தும் கொடுத்தேன்.

ஸ்டோர்ஸ்காரர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புதன்கிழமைத் தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார் இது, சங்கிலி கோணையா தொங்குது?"

அச்சுகளைத் தூக்குவதற்காகக் கூரையிலிருந்து தொங்கும் சங்கிலி, ரேக்குக்குப் பின்னால் இருந்தது. படத்தில் அது ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது.

"தொங்கற சங்கிலி எங்கியாச்சும் சாயுமா சார்? நீயே சொல்லு."

படத்தில் இவர் ஏதோ தில்லுமுல்லு செய்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அந்த இணையதளத்தைச் சந்தேகப்பட்டேன், அதன் வேலையாகத்தான் இருக்கும் என்று. கடைசியில், வேறு ஆள் கிடைக்காமல்தான், என் போனை எடுத்துக் குரூப்பில் அவர் அனுப்பிய படத்தைத் திறந்தேன். அதில் சங்கிலி செங்குத்தாகத் தொங்கியது. சுவரும் ஜன்னலும் ஒழுங்காக இருந்தன. ரேக் மட்டும் சாய்ந்திருந்தது.

போனை மூடிவிடலாமா என்று தோன்றியது, உண்மைதான். நானும் காண்டிராக்ட்தான். என் கழுத்திலும் அதே நிறப் பாஸ்தான் தொங்கியது. அவர் இப்போது என்னைப் பார்த்தார். கோபமில்லை, கெஞ்சலும் இல்லை, நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்த்தார். எனக்கு அவமானமாக இருந்தது.

"சார், நான்தான் நேராக்கிட்டேன்."

"எதை?"

"ரேக்கை" என்று போனை நீட்டினேன்.

மேனேஜர் போனையும் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு பாஸை மேஜையின் மேல் ஸ்டோர்ஸ்காரர் பக்கமாகத் தள்ளினார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது, வேலை போகவில்லை. மறுநாள் ஸ்டோர்ஸுக்குப் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். சரி என்று தலையாட்டினார். பரவாயில்லை என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

இப்போது தினமும் காலையில் படங்களைக் குரூப்பில் போட்டுவிட்டு அவர் மாடிக்கும் ஏறி வருகிறார். என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொள்கிறார். உட்காரச் சொன்னால் உட்காருவதில்லை. அறிக்கை போய்ச் சேரும்வரை மவுஸ் பிடித்த என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். போன வாரம் தரை கொஞ்சம் சாய்வாக இருந்த ஒரு படத்தில், பழக்கதோஷத்தில் என் கை அளவுகோல் பக்கம் போனது.

"வேணாம்மா" என்றார் பின்னாலிருந்து. "நீ கை வெக்காத. அது கோணையாவே போவட்டும்."