ஹேண்ட்பிரேக் போட்ட தலைவர்

எங்கள் அடுக்குமாடியின் முன்னாள் தலைவர் சுகுமாறனுக்கு வயது அறுபத்திரண்டு. சுபாங் ஜெயாவில் ஒரு பேரங்காடியில் செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். மனிதர்களைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு கருத்துதான். "கவர்மெண்ட் இல்லன்னு வையி, ஒருத்தன ஒருத்தன் கடிச்சித் தின்னுடுவான் லா." கிள்ளானுக்குக் குடிவந்த நாளிலிருந்து இரண்டாம் மாடியில் இருக்கும் நான் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்டில், அவர் தலைவராக இருந்த எங்கள் குடியிருப்பாளர் சங்கம் கலைந்தது. சண்டை ஒன்றுமில்லை. கூட்டத்துக்கு ஆள் வரவில்லை, அவ்வளவுதான். "மூணே மாசம். வெட்டு குத்து நடக்கும், பாத்துக்க. அப்புறம் எல்லாரும் என் வீட்டு வாசல்லதான் வந்து நிப்பானுங்க" என்றார் சுகுமாறன். நான்காம் மாடித் தாழ்வாரத்தில் காப்பியோடு நின்று, அந்த நல்ல நாளுக்காகத் தினமும் கீழே எட்டிப் பார்த்தார். பாவம், ஒன்றும் நடக்கவில்லை. மேலிருந்து குப்பை வீசும் ஒரு மகராசன் மட்டும் உண்டு. அவர் சங்கம் இருந்தபோதும் வீசியவர்தான். படிக்கட்டு விளக்கு எரியாமல் போனால் யாரோ மாற்றினார்கள். யாரென்று இன்றுவரை தெரியாது. சுகுமாறனுக்கு அதில் ரொம்ப வருத்தம்.

கார் நிறுத்தும் இடத்தைத்தான் அவர் பெரிதும் நம்பியிருந்தார். இடம் அறுபது காருக்கு, இருப்பதோ நூறு. ஆனால் அதற்கும் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. இன்னொருவர் காருக்குக் குறுக்கே நிறுத்தினால் கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்டுப் போக வேண்டும். உள்ளே மாட்டியவர் அதைத் தள்ளி வைத்துவிட்டுப் புறப்படுவார். இதை யாரும் எழுதி ஒட்டவில்லை.

"அடுத்தவன் காரத் தொடறது காட்டுத்தனம்" என்பது சுகுமாறன் கட்சி. தன் பழைய 'கஞ்சில்' என்ற குட்டிக் காரை எங்கே நிறுத்தினாலும் ஹேண்ட்பிரேக்கை இறுக்கி இழுத்துவிட்டுத்தான் மாடி ஏறுவார்.

நவம்பரில் ஒரு திங்கட்கிழமை, காலை ஆறு ஐம்பது. முதல் மாடி இக்ராம் தன் மகள் ருக்சாரோடு இறங்கி வந்தான். அவளுக்கு அன்று எஸ்.பி.எம். என்னும் பள்ளி இறுதிப் பரீட்சை. ஏழரைக்குள் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். அவன் காருக்குக் குறுக்கே சுகுமாறனின் கஞ்சில் நின்றது. இக்ராம் தள்ளிப் பார்த்தான். அசையவில்லை. கிராப் டாக்சி கூப்பிட்டுப் பார்த்தான். இருபது நிமிடம் என்றது. ருக்சார் அழ ஆரம்பித்துவிட்டாள். நான் மாடிக்கு ஓடி சுகுமாறன் கதவைத் தட்டினேன், கத்தினேன். உள்ளே விளக்கு எரிந்தது, குளியலறையில் தண்ணீர் கொட்டும் சத்தம்தான் கேட்டது.

கீழே வந்தால் எட்டுப் பேர் காரைச் சுற்றி நிற்கிறார்கள். வேலைக்குக் கிளம்பிய மலாய்க்காரர்கள், பேப்பர் வாங்கப் போன சீனப் பெரியவர், தொழிற்சாலையிலிருந்து திரும்பிய வங்காளதேசத்துப் பையன்கள். யாரோ சத்து, டுவா, தீகா என்று மலாயில் எண்ணினார்கள். கஞ்சில் அப்படியே அந்தரத்தில் எழுந்தது. ஓரமாக, பூப்போல இறக்கி வைத்தார்கள். இக்ராம் பறந்தான்.

இதையெல்லாம் சுகுமாறன் மேலிருந்து பார்த்திருக்கிறார். அவர் கண்ணுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: தன் காரைச் சூழ்ந்த ஒரு கூட்டம். உடனே வாசல் கிரில் கதவைப் பூட்டிக்கொண்டு போலீஸுக்குப் போன் போட்டுவிட்டார், கலவரம் என்று.

சிரிக்கலாம்தான். ஆனால் இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டில் அவர் கம்போங் மேடானில் குடியிருந்தவர். அங்கே இனக்கலவரம் நடந்த அந்த மார்ச் மாதத்தைப் பற்றி அவர் வாய் திறந்ததே இல்லை. கூட்டத்தைக் கண்டால் அவருக்கு என்ன தோன்றும் என்று எனக்கெப்படித் தெரியும்? அதை நினைத்தால் எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

கலவரம் முடிந்து முக்கால் மணி நேரம் கழித்து போலீஸ் வந்தது. அதற்குள் இக்ராமும் திரும்பியிருந்தான். பிள்ளை சரியான நேரத்துக்கு உள்ளே போய்விட்டாளாம். போலீஸ்காரரைக் கண்டதும் சுகுமாறன் இறங்கி வந்தார். காரில் ஒரு கீறல்கூட இல்லை. நடந்ததை நாங்கள் சொல்லச் சொல்ல அவர் முகம் தொங்கிப்போனது.

போலீஸ்காரருக்கு எரிச்சல். பொய்ப் புகார் என்றால் என்ன ஆகும் தெரியுமா என்று மலாயில் அதட்டினார். "இங்க தலைவர் யாரு?"

இக்ராம் சட்டென்று சுகுமாறன் தோளில் கை வைத்தான். "இவருதான் சார் எங்க தலைவர். கார் அடைச்சிக்கிச்சின்னு உதவிக்குக் கூப்பிட்டிருப்பாரு. தப்பா எடுத்துக்காதீங்க."

மூன்று மாதமாக அவர் ஏங்கிய வார்த்தை. பேசாமல் தலையாட்டியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

சுகுமாறன் இக்ராமின் கையை மெல்ல எடுத்துவிட்டார்.

"தலைவர்னு யாரும் இல்ல சார்" என்றார். "தூக்கி வச்சது இவங்க. பிள்ளைய மறிச்சது நான்."